பெயர் வைக்கப் போன செத்தவீட்டுத் துணி

பிறந்து எட்டு நாளான ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் வீட்டுக்கு நான் செத்தவீட்டு உடுப்பில் போயிருக்கிறேன். அவசரத்தில் அல்ல, மறதியிலும் அல்ல. கடைக்குப் போய், விரித்துக் காட்டச் சொல்லி, தடவிப் பார்த்து வாங்கி, இரண்டு மாலை கண்ணாடிக்கு முன்னால் நின்று கட்டிப் பழகி, ரயிலேறிப் போனேன். அலுவலகத்தில் பிற பண்பாடுகளை மதிப்பது பற்றிக் கூடிப் பேசும் குழுவில் அப்போது நான் உறுப்பினன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இப்போதும் உறுப்பினன்தான். விலகுவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம்.

பராமட்டாவில் நான் வேலை செய்யும் இடத்தில் அடுத்த மேசை கானா நாட்டுக்காரர் ஒருவருடையது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னைவிட முப்பது வயது நிதானமானவர். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். ஆனால் யாழ்ப்பாணத்தில் நெருங்கியவரை மரியாதையும் உரிமையும் கலந்து ‘நீர்’ என்போமே, அவர் பேசுவது என் மனதுக்குள் எப்போதும் அப்படித்தான் இறங்கும். இங்கேயும் அவரை அப்படியே பேச விடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் அலுவலகத்துக்குத் தம் ஊர் உடுப்பில் வந்தார். கருஞ்சிவப்பில் ஒரு பெரிய துணி, மேலே கறுப்பு மையில் அச்சுக் குத்திய குறிகள். உடம்பைச் சுற்றி வந்து இடது தோளில் ஏறி முதுகில் இறங்கியது. உள்ளே அலுவலகத்துக்காக ஒரு கறுப்பு ரீசேட். மதியம் குடும்ப விஷயமாகப் போக வேண்டும், வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை என்று முகாமையாளரிடம் முன்பே சொல்லியிருந்தார்.

அன்று காலை அந்த மாடியில் நடந்ததை நான் ஒரு மேலான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் இன்றைக்கு என்ன விழா, எத்தனை மணிக்கு ஆட்டம் என்று கேட்டார். சம்பளப் பிரிவுக்காரர் தங்கள் வீட்டு யன்னல் திரைக்கும் இதே மாதிரித் துணி வாங்கியதாகச் சொன்னார். முகாமையாளர் தான் கென்யாவுக்குப் போய்ச் சிங்கம் பார்த்ததைப் பத்து நிமிடம் விவரித்தார். கென்யாவுக்கும் கானாவுக்கும் இடையிலுள்ள தூரம் சிட்னிக்கும் பேர்த்துக்கும் இடையிலுள்ளதைவிட அதிகம் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை, எனக்குள் சொல்லி மகிழ்ந்தேன். இன்னொருவர் அனுமதி கேட்காமலே துணியின் விளிம்பைப் பிடித்துப் பார்த்துக் கையால் செய்ததா என்றார். என் நண்பர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

இந்த அறியாமைக் கூட்டத்துக்கு நடுவே நாகரிகம் தெரிந்த ஒருவனாவது இருக்க வேண்டாமா? நான் எழுந்து போய், நாலு பேருக்குக் கேட்கும்படி, “இன்றைக்கு நீர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்” என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எனக்கும் நன்றி சொன்னார். அந்த ஒரு கணத்தை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரில் இறந்துபோன தன் பெரியப்பாவுக்காக இங்குள்ள கானாக்காரர்கள் ஒரு மண்டபத்தில் கூடி நடத்திய துக்க நிகழ்வுக்குத்தான் அவர் அன்று போனார். அவர்களிடையே சிவப்பும் கறுப்பும் சாவின் நிறங்கள். இதை நான் தெரிந்துகொண்டது பல மாதங்கள் கழித்து, மிகவும் பிந்தி. மண்டபத்துக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் போத்தல் வாங்க ஒரு கடைத்தொகுதிக்குள் நுழைந்தாராம். காவலாளி ஒருவன் பிஸ்கட் தட்டிலிருந்து சவர்க்காரத் தட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தானாம். “இந்தத் துணிக்குள் ஓர் ஆட்டை மறைக்கலாம் என்று நினைத்திருப்பான்” என்று திங்கட்கிழமை சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். யாருடைய சாவு என்று அவரும் சொல்லவில்லை, எங்கே போனீர் என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு மகள் பிறந்தாள். மனைவியின் தகப்பனார் பேத்தியைப் பார்க்கக் குமாசியிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வந்ததிலிருந்து என் நண்பர் மதிய உணவைப் பாதியில் மூடிவைக்கத் தொடங்கினார். விஷயம் இதுதான். மாமனாருக்கு மருமகனிடம் ஒரே ஒரு குறை. ‘உனக்கு இங்கே ஆட்கள் இல்லை. ஆளில்லாத மனிதனிடம் என் மகளையும் பேத்தியையும் எப்படி விட்டுப் போவது?’ என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகளையும் குழந்தையையும் கையோடு ஊருக்குக் கூட்டிப் போய்விடலாமா என்ற கதையும் குசினி அடுப்படியில் நடந்திருக்கிறது.

அவர்கள் வழக்கப்படி எட்டாம் நாள் காலையில் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும். பெயர் தகப்பன் பக்கத்துக்கு உரியது. தகப்பன் பக்கத்தில் நல்ல மனிதர் ஒருவர் குழந்தையின் நாக்கில் தண்ணீர் தொட்டு வைப்பார், பிறகு சாராயம் தொட்டு வைப்பார். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், சாராயத்தைச் சாராயம் என்று சொல், அதாவது உள்ளதை உள்ளபடி சொல்லி வாழ் என்பது கருத்து. தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு ஒட்டும் என்பது நம்பிக்கை.

என் நண்பரின் பக்கத்துக்குச் சிட்னியில் உறவு என்று ஒருவரும் இல்லை. கூடிப் பழகும் கானாக்காரர்களும் மனைவியின் ஊர்க்காரர்கள். “எனக்கும் ஆள் இருக்கிறார் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்” என்றார். “யார்?” என்று கேட்டேன். அவர் கரண்டியால் என்னைக் காட்டினார்.

ஆக, நான்தான் மாப்பிள்ளை வீட்டார். தனியொருவனாக.

போகும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார்: “உமது கோயில் திருவிழாவில் கட்டியிருந்தீரே, அந்த வெள்ளைத் துணி. அதிலேயே வாரும். நன்றாக இருக்கும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வது? ஆனால் நான் படித்தவன். படித்தவனுக்கு எதையும் சொன்னபடி விளங்கிக்கொள்வது கஷ்டம். பாவம், எனக்குச் சிரமம் தரக்கூடாது என்று சொல்கிறார், தன் உடுப்பை நான் உடுத்த மாட்டேன் என்று நினைக்கிறார், அந்த நினைப்பை உடைப்பதுதான் நட்பு என்று முடிவு செய்தேன். என் கண்ணில் அந்தக் கருஞ்சிவப்புத் துணி மின்னியது. கூறைச் சேலையின் நிறம். எங்கள் ஆட்களுக்கு அதைவிட மங்கலமான நிறம் உண்டா?

வீட்டில் இதை அறிவித்தபோது மனைவி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா.

“அந்தாள் வேட்டியில வரச் சொன்னால் வேட்டியில போறதுக்கு என்ன?”

மற்றவர்களின் சடங்குக்குப் போகும்போது அவர்களின் உடுப்பில் போவதுதான் மரியாதை என்று குழுக் கூட்டத்தில் பேசுவதுபோல நான் கொஞ்சம் பேசினேன். அவ கத்தரிக்காயை வெட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டா.

“அவையே வேட்டி எண்டு சொல்லுகினம்” என்றா. பிறகு, “பிள்ளைக்கு உங்கட குணம் ஒட்டினால் ஆர் பொறுப்பு?”

பக்கத்து வீட்டில் இருக்கும் மதுரைக்காரர்கள் இதைச் சேனை வைப்பது என்பார்கள். எங்கள் வீட்டிலும் முதல் கற்கண்டுத் தண்ணீர் யார் கையால் என்று பார்ப்பது உண்டு. எங்கள் மகளுக்கு அதை வைத்தவன் நான். மகள் இருபத்திரண்டு வயதில் எந்தப் பாத்திரத்தையும் கழுவாமல் ஊறப்போடுகிறாள். மனைவி அதை மறக்கவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து பிளாக்டவுனில் ஓர் ஆபிரிக்கக் கடைக்குப் போனேன். ராசவள்ளி போல ஒரு கிழங்கு, புகைபோட்ட மீன், செயற்கை முடி, கூரை வரைக்கும் துணி. கடைக்கார அம்மா ஐம்பது வயதுக்காரி, வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். கானாத் துணி, கருஞ்சிவப்பில் கறுப்பு அச்சு போட்டது வேண்டும் என்றேன். அவர் பாட்டை நிறுத்தினார். வானொலியையும் நிறுத்தினார்.

யாருக்காக என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“என் நண்பரின் குழந்தைக்காக” என்றேன், மலர்ந்த முகத்துடன்.

எத்தனை வயது என்றார். ஆறு நாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் கையை வைத்தார். சனிக்கிழமைதான் நிகழ்வு, நான்தான் முன்னுக்கு நின்று செய்ய வேண்டும், எனக்கு இதில் அனுபவமில்லை, ஆனாலும் சந்தோசமாக ஒத்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, நான் பலமுள்ள மனிதன் என்றார். விலையில் பத்து டொலர் குறைத்தார். வாழைக்காய்ச் சிப்ஸ் ஒரு பெரிய பக்கெற்றைப் பையில் போட்டு, இதற்குக் காசு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடைவாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். ஒரு வாடிக்கையாளனின் பண்பாட்டு ஆர்வம் ஒரு வியாபாரியை இவ்வளவு உருக்குமா என்று ரயிலில் சிப்ஸைத் தின்றபடி நெகிழ்ந்துபோனேன்.

துணி கட்டுவதைக் காணொளி பார்த்துப் பழகினேன். ஊசி கிடையாது, முடிச்சு கிடையாது, தோளும் கையும் பிடித்திருக்கும் பிடிதான். வேட்டி கட்டிப் பழகிய இடுப்புக்கு இது ஒரு வேலையா என்று தொடங்கி, நாலு தடவை அவிழ்ந்து விழுந்த பிறகு உள்ளே ஓர் அரைக் களுசான் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தேன். மேலே ஒன்றும் போடவில்லை. காணொளியில் இருந்தவர் போடவில்லை. அவருக்கு வயிறு இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சனிக்கிழமை விடிய மகள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள். கூடத்தில் நின்ற என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். “அப்பா, ஆர் யூ ஓகே?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

எனவே ரயில். வென்ட்வேர்த்வில் மேடையில் குளிர் திறந்த வலது தோளில் வந்து உட்கார்ந்தது. மனைவி சந்தன நிறப் பட்டுச் சேலை, அதன்மேல் கம்பளிக் கோட், கையில் பெரிய பை என்று சூடாக நின்றா. எங்கள் கோயிலில் அடிக்கடி காணும் அங்கிள் ஒருவர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டு சுற்றி ஒரு வட்டம் நடந்தார்.

“என்ன தம்பி, சமயம் மாறியிட்டியளோ?”

எனக்கு விளங்கவில்லை. இது ஆபிரிக்க உடுப்பு அங்கிள் என்றேன்.

“ஓம் ஓம்” என்றார் அவர். “ஆபிரிக்காவிலயும் புத்த சமயம் இருக்குதோ?”

அப்போதுதான் மேடையின் கண்ணாடித் தடுப்பில் என்னைப் பார்த்தேன். கருஞ்சிவப்புத் துணி. இடது தோளில் போர்வை, வலது தோள் வெறுமை. மண்ணிறத் தேகம். முன்னுக்கும் பின்னுக்கும் மயிர் இல்லாத தலை. அறுபது அடி தூரத்தில் நின்று பார்க்கும் எவருக்கும் சந்தேகமே வராது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் நாலு வருடம் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்த நான், சிட்னியில் ஒரு காலைப்பொழுதில் பூரணமான புத்த பிக்குவாக நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பிப் போய் மாற்ற நேரமில்லை. ரயில் வந்துவிட்டது.

பெட்டியில் பாதி இருக்கைகள் காலி. மனைவி என் பக்கத்தில் இருந்து, விடிய எழும்பிய களைப்பில் என் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்தா. துங்காபியில் ஒரு சிங்கள அம்மா ஏறினார். வெள்ளைச் சேலை, கையில் அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம், விகாரைக்குப் போகிற கோலம். என்னைக் கண்டதும் பாத்திரத்தைக் கீழே வைத்து, இரண்டு கையையும் கூப்பி, ஓடும் ரயிலில் முழங்காலை மடித்துக் கும்பிட்டார். எழும்பும்போதுதான் என் தோளில் கிடந்த பட்டுச் சேலையைப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடச் சமயம் ஒன்று கண்ணுக்கு முன்னால் சரிவதைப் பார்த்த முகம்.

நான் மனைவியை இடித்தேன். அவ கண்ணைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒரு நொடியில் முழு நிலவரத்தையும் எடுத்துக்கொண்டா. இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் இவ்வளவு வேகத்தை நான் கண்டதில்லை.

“ஹாமதுரு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று, பிக்குமாரைச் சிங்களத்தில் விளிப்பதுபோல, என் காதுக்குள் சொல்லிவிட்டு, பையையும் தூக்கிக்கொண்டு மூன்று வரிசை தள்ளிப் போய் இருந்து யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினா. தோள் மட்டும் குலுங்கியது.

களைத்துப்போன யாரோ ஒரு பெண் தவறுதலாகச் சாய்ந்துவிட்டாள் என்று அந்த அம்மா நிம்மதி அடைந்தார். எந்த விகாரை என்று சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் சோதனைச் சாவடிச் சிங்களம். பெயர், ஊர், போகுமிடம், அதற்கு மேல் இல்லை. உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்து, நான் தமிழன் என்றேன். அது நிலைமையை மோசமாக்கியது. தமிழ்ப் பிக்கு ஒருவரை வாழ்நாளில் முதல்முறை காண்கிறார். அவர் கண் கலங்கிவிட்டது. பாத்திரத்தைத் திறந்து பாற்சோறும் கட்டச் சம்பலும் ஒரு தாளில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். மறுத்தால் அவமதிப்பு, வாங்கினால் மோசடி. வாங்கினேன். செவன் ஹில்ஸில் அவர் இறங்கும்போது இன்னொரு கும்பிடு. நான் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்ததாக மனைவி இன்றைக்கும் சொல்கிறா. நான் கம்பியைப் பிடிக்கத்தான் கையை உயர்த்தினேன்.

மீதித் தூரம் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பாற்சோற்றில் பாதியைத் தின்றபடி நான் யோசித்த ஒரே உருப்படியான விஷயம் இது. இதே துணியில் என் நண்பர் தண்ணீர் வாங்கப் போனபோது பின்னால் ஒரு காவலாளி வந்தான். எனக்குச் சோறு வந்தது. துணி ஒன்றுதான். பார்க்கிறவர்கள் துணியைப் பார்க்கவில்லை.

மவுண்ட் ட்ரூயிட்டில் அவர் வீட்டுப் பின்வளவுக்குள் பக்கவாசலால் நுழைந்தேன். ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் நாற்பது பேர், நாற்பது பேரும் வெள்ளை. வெள்ளையில் நீலம் தெளித்தது, வெள்ளையில் வெள்ளை பின்னியது, தலைக்கட்டும் வெள்ளை. குளிர்பெட்டிக்குள் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தவர் கொட்டுவதை நிறுத்தினார். என் நண்பர் திரும்பினார். நான் கைகளை விரித்து, பார்த்தீரா என்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றினேன்.

நடுவில் ஒரு கதிரையில் மாமனார் இருந்தார். வெள்ளைத் துணி போர்த்து, கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி. மருமகனைப் பார்த்து, ஆங்கிலத்தில், எனக்கும் விளங்க வேண்டும் என்றே, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்:

“உன் ஆள் யாருடைய சாவுக்கு வந்திருக்கிறார்?”

என் நண்பரின் முகத்தைப் பார்த்தபோது எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை, அந்த ஒரு கணம், கடைக்கார அம்மாவின் மூடிய கண்கள். அந்த அம்மாவும் கூட்டத்திலேயே நின்றார், தலையில் வெள்ளைக் கட்டோடு. என்னைப் பார்த்தார். தாயின் மடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். நேராக என் முன்னால் வந்தார்.

“வியாழக்கிழமை இரவு இந்தப் பிள்ளைக்காக நான் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினேன்” என்றார். “என் சிப்ஸைத் திருப்பித் தா.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. சாவுத் துணியோடு யாரும் குழந்தையைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். தாய் குழந்தையைச் சற்று உள்ளே அணைத்துக்கொண்டாள். என் நண்பர் எனக்காக ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். மாமனார் கையை உயர்த்தி நிறுத்தினார். இதற்குத்தானே அவர் வந்த நாளிலிருந்து காத்திருந்தார். உனக்கு ஆட்கள் இல்லை என்று சொன்னார், ஆள் என்று ஒருவன் வந்து நின்ற கோலத்தை இப்போது நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பண்பாட்டுக் குழுவில் கற்ற ஒரு வாக்கியமும் உதவிக்கு வரவில்லை. கை மட்டும் தன்பாட்டில் ஒன்றைச் செய்தது. கோயிலில் மூலஸ்தானத்துக்கு முன்னால் பிழை செய்துவிட்டு நிற்கிறவன் தோள் சால்வையை இறக்கி இடுப்பில் கட்டுவானே, அதைத்தான். தோளிலிருந்த துணியை இறக்கி, இடுப்பில் சுற்றி, செருப்பையும் கழற்றிவிட்டு, ஆடிமாதக் குளிரில் வெறும் மேலோடும் வயிற்றோடும் அந்தக் கதிரைக்கு முன்னால் குனிந்து நின்றேன். மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரியாது, இது உங்கள் மருமகனின் பிழை அல்ல என்று மட்டும் சொன்னேன்.

மாமனார் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, என் தோளைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். தங்கள் மொழியில் மருமகனிடம் ஏதோ கேட்டார்.

“பெரியவர்களுக்கு முன்னால் தோளை இறக்கவும் செருப்பைக் கழற்றவும் உமக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்கிறார்” என்றார் என் நண்பர். “எங்கள் ஊரில் அரசர்களுக்கு முன்னால் செய்வது. நான் சொல்லித் தரவில்லை என்றேன். நம்பவில்லை.”

புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லலாமா என்று ஒரு சபலம் வந்தது. ஆனால் பற்கள் அடித்துக்கொண்டிருந்ததால் சுருக்கமான உண்மைதான் வாயில் வந்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை, எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன்.

கிழவர் கைத்தடியால் வீட்டுப் பக்கம் காட்டி, “குளிரில் செத்துவிடப் போகிறார். அப்புறம் அந்தத் துணிக்குக் காரணம் வந்துவிடும். வெள்ளை எதையாவது கொடுங்கள்” என்றார்.

கட்டில் விரிப்பு எடுக்க யாரோ உள்ளே ஓடினார்கள். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ.”

மனைவி பையைத் திறந்து, மடிப்புக் கலையாமல் என் வேட்டியையும் சால்வையையும் நீட்டினா. இதற்காகக் கொண்டு வரவில்லை, நிறத்தைப் பற்றி அவவுக்கும் ஒன்றும் தெரியாது. நடுவழியில் துணி அவிழ்ந்து விழும், ரயிலில் மானம் போகும், அதற்குத்தான் எடுத்து வந்தேன் என்று பிறகு சொன்னா. என்னை அவ எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறா என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு.

குளியலறையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது நான் நாற்பத்தோராவது வெள்ளை. என் நண்பர் முதலிலேயே சொன்னதும் அதைத்தான்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாமனார் எழுந்து முன்னோர்களை அழைத்தார். குழந்தையை என் கையில் தந்தார்கள். தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன், மூன்று தடவை. தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல் என்றேன் ஆங்கிலத்தில். பிறகு, இவ்வளவு முக்கியமான விஷயத்தை இரவல் மொழியில் சொல்வதா என்று தோன்றி, “தண்ணி எண்டால் தண்ணி எண்டு சொல்லு பிள்ளை” என்று சேர்த்துக்கொண்டேன். சாராயம் தொட்டு வைத்ததும் அவள் முகம் சுருங்கி, கண் திறந்து, முதன்முதலாக என்னைப் பார்த்தாள். பெயரைச் சொன்னார்கள், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். சாப்பாட்டின்போது மாமனார் என்னைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். என் வேட்டிக் கரையைத் தொட்டுப் பார்த்தார். கையால் செய்ததா என்று கேட்டார். கடைக்கார அம்மாவுக்குச் சிப்ஸுக்குப் பதிலாக மிச்சப் பாற்சோற்றைக் கொடுத்தேன். அவர் தின்றுவிட்டு, இது எந்தக் கடையில் என்றார். அது ஒரு நீண்ட கதை என்றேன்.

திரும்பும் ரயிலில் நான் நிமிர்ந்து இருந்தேன். வேட்டியில் போன என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மனிதனுக்கு ஆளாக நின்றுவிட்டேன், அவன் குடும்பத்தைக் காத்துவிட்டேன், மகளும் பேத்தியும் இங்கேயே இருக்கலாம் என்று கிழவர் வாசலில் வைத்துச் சொன்னதை நீயும் கேட்டாய்தானே என்று மனைவியிடம் ஏழு நிறுத்தத்துக்கும் பேசிக்கொண்டு வந்தேன். அவ நித்திரை.

திங்கட்கிழமை காலை நண்பரின் மேசைக்குப் போய் முதலில் அந்தப் பழைய வெள்ளிக்கிழமைக்காக மன்னிப்புக் கேட்டேன். மாப்பிள்ளை என்று சொன்னபோதே ஏன் திருத்தவில்லை என்றேன். “நீர் அவ்வளவு சந்தோசமாகச் சொன்னீர்” என்றார். அதற்குமேல் அதில் நிற்க எனக்கு விருப்பமில்லை. பேச்சை மாற்றி, மகள் எப்படி என்று கேட்டேன், ஒரு பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

“சுகமாக இருக்கிறாள்” என்றார். “ஆனால் சனிக்கிழமையிலிருந்து ஒரு நிமிடம் வாயை மூடவில்லை. நேற்று மாமா கேட்டார், தண்ணீர் தொட்டு வைத்தவர் நிறையப் பேசுகிறவரா என்று. உள்ளதை உள்ளபடிதானே சொல்ல வேண்டும். ஓம் என்றேன்.”